பின்னறையிலிருந்து பார்த்த பல் டாக்டர்கள்

முகம் பார்க்காமலே பல குடும்பங்களை எனக்குத் தெரியும். நான் டென்டல் மெக்கானிக். டாக்டர் வாயில் அளவெடுத்து அனுப்புவார். அந்த அளவில் பிளாஸ்டர் ஊற்றி மோல்டு எடுத்து, அதன்மேல் பல்செட்டோ கேப்போ செய்து திருப்பி அனுப்புவது என் பிழைப்பு. மோல்டின் அடியில் டாக்டர் பெயரும் நோயாளி பெயரும் பென்சிலில் எழுதியிருக்கும். ஒரே வீட்டுப் பாட்டியின் கீழ்த்தாடை, சில வருஷம் கழித்து அவர் மகனின் மேல்தாடை, அதற்கும் பிறகு பேத்தியின் உடைந்த முன்பல் என்று ஒவ்வொன்றாக என் மேசைக்கு வந்ததுண்டு. பாட்டிக்கு மிச்சமிருந்த ஒற்றைக் கோரைப்பல் எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ, பேத்தியின் கோரைப்பல்லும் அதே பக்கம் சாய்ந்திருக்கும். டாக்டர் பெயரும் மூன்று மோல்டிலும் ஒன்றாகவே இருக்கும்.

அப்படி ஒரு வீடே தலைமுறை தலைமுறையாக ஒரே டாக்டரிடம் போனது எப்படி, எதைப் பார்த்து அவரைப் பிடித்தார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. படிப்பைப் பார்த்துத்தான் என்று இன்றைக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் நம் பக்கத்தில் பல் வைத்தியத்துக்குப் படிப்பு என்று ஒன்று வந்ததே பிந்தித்தான். அதற்கு முன்னும் பல் வலித்தது, ஜனங்கள் யாரிடமோ போய் வாயைத் திறந்தார்கள். நான் பார்த்தவரை அவர்கள் மனசுக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: நாளைக்கு இது மறுபடி வலித்தால் இந்த ஆள் இங்கே இருப்பாரா?

கிராமத்தில் இந்தக் கேள்விக்கே அவசியம் இருக்கவில்லை. முடி வெட்டுகிறவரே கட்டி கீறுவார், பல் பிடுங்குவார். அவர் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்ப்பார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுப்பிலும் இது பதிவாகியிருக்கிறது. அறுவடைக் களத்தில் அவருக்கு நெல் அளப்பார்கள். அப்பனுக்குப் பிறகு மகன் வருவான். யாரிடம் போவது என்று எந்தக் குடும்பமும் யோசித்ததில்லை. தங்கள் வாய்க்குள் கைவிட அனுமதித்தவர்களே அந்த மனிதரைத் திண்ணைக்கு மேலே ஏறவிடவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அவர் கைராசியைப் புகழ்ந்த ஊர் அவருக்கு உட்கார இடம் தரவில்லை. எங்கள் தொழிலின் வரலாறு எழுதுகிற யாரும் இதைத் தாண்டிப் போகக்கூடாது என்பது என் எண்ணம்.

சந்தையில் வேறு வகை ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். சொத்தைப் பல்லுக்குள் பூச்சி இருக்கிறது என்பது அப்போதைய நம்பிக்கை. கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு, எழும்பும் புகையை வாய்க்குள் பிடிக்கச் செய்து, புழு விழுந்துவிட்டது என்று காட்டுவார்கள். இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதில்லை, உலகம் பூராவும் இருந்திருக்கிறது. 1728இல் பல் வைத்தியத்துக்கென்றே பெரிய நூல் எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் ஃபோஷார், நுண்ணோக்கி வைத்துத் தேடியும் புழுவைக் காணவில்லை என்று எழுதினார். நம் சந்தைகளில் அதற்குப் பிறகும் வெகுகாலம் புழு விழுந்துகொண்டுதான் இருந்தது. புகை போட்டவர் அடுத்த வாரம் வேறு சந்தையில் இருப்பார். வலி திரும்பினால் கேட்க ஆளில்லை.

வீட்டிலேயே கிராம்பு வைத்துக்கொண்டவர்கள் அவர்களைவிடப் பிழைத்தார்கள். கிராம்பில் இருக்கும் யூஜினாலைத்தான் துத்தநாக ஆக்சைடு பொடியோடு குழைத்து இன்றும் டாக்டர்கள் தற்காலிகமாகப் பல்லை அடைக்கிறார்கள். செட்டுக்கு அளவெடுக்கும் பசையிலும் அது உண்டு. பல் டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் ஒரு வாசனை அடிக்குமே, அதில் பாதி அதுதான்.

பட்டணத்துக்குக் குடிவந்தவர்களுக்கோ ஊர்க்காரர் என்று யாரும் கிடையாது. அங்கேதான் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் வந்தது. தேர்ந்தெடுக்கப் படித்த ஆட்கள் இருந்தார்களா என்றால், மிகக் குறைவு. இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1920இல் கல்கத்தாவில் தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் ரஃபியுதீன் அகமது. அமெரிக்காவின் அயோவாவில் 1915இல் பட்டம் வாங்கித் திரும்பியவர். அந்தக் கல்லூரியை நடத்தப் பணம் கொடுத்தது அவருடைய குளிர்பானக் கடை, பெயர் நியூயார்க் சோடா ஃபவுண்டன். சோடாவும் ஐஸ்கிரீமும் விற்ற காசில் ஒரு நாட்டின் பல் மருத்துவப் படிப்பு எழுந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. அவர் பிறந்த நாளான டிசம்பர் 24ஐத்தான் தேசிய பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். 1930களில் பம்பாயிலும் லாகூரிலும் கல்லூரிகள் வந்தன. சென்னைக்கு 1953 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அத்தனை பெரிய மாகாணத்தில் பல் மருத்துவம் சொல்லிக்கொடுக்க ஒரு கல்லூரி இல்லாத அந்தக் காலத்தை நிரப்பியவர்கள் கையால் தொழில் கற்றவர்கள். அவர்களில் முக்கியமானவர்கள் சீனர்கள்.

இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். சென்னையில் பல் என்றால் சைனாக்காரர் என்ற காலம் ஒன்று இருந்தது. பூங்கா நகரிலும் வேறு சில இடங்களிலும் அவர்களுடைய கிளினிக்குகள் இருந்தன, அவர்களின் வாரிசுகள் பி.டி.எஸ். படித்துவிட்டு இப்போதும் தொழில் நடத்துகிறார்கள். பெரும்பாலும் சீனத்தின் நடுப்பகுதியிலுள்ள ஹூபே மாகாணத்துக்காரர்கள். 1937இல் ஜப்பான் படையெடுத்தது. மறுவருஷம் ஹூபேயின் தலைநகரான வூஹான் விழுந்தது. அதற்கு முன்பே பிழைப்புக்காகக் கிளம்பியவர்களும் உண்டு, போருக்குப் பயந்து வந்தவர்களும் உண்டு. கல்கத்தாவுக்கு வந்த சீனர்களுக்குள்ளும் இப்படி ஊர்வாரியாகத் தொழில் பிரிந்திருந்தது. தோல் பதனிடுவதும் செருப்பும் ஹக்கா மக்களுக்கு, தச்சு வேலை கான்டன்காரர்களுக்கு, பல் கட்டுவதும் காகிதப் பூ செய்வதும் ஹூபேக்காரர்களுக்கு. காகிதப் பூவுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். மெழுகில் பல் அடுக்கிப் பார்த்தவனுக்குத் தெரியும், இரண்டும் விரல் நுனி வேலை.

1966இல் நான் வேலைக்குச் சேர்ந்தது அப்படி ஒரு சீன டாக்டரின் பின்னறையில். வாசலில் சிவப்பு ஈறும் வெள்ளைப் பல்லுமாகத் தீட்டிய பலகை. உள்ளே நாற்காலி. அதற்குப் பின்னால் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் நாங்கள். எங்களுக்கும் மேலே, மாடியில், அவர் குடும்பம். இந்தக் கடைசி விஷயம் மிக முக்கியம். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் காதில் மாடியில் அரிசி களையும் சத்தம் கேட்கும். டாக்டரின் பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையோடு அதே வாசலில் இறங்கிப் போவார்கள். காய்கறிக்காரியோடு டாக்டரின் மனைவி தமிழில் பேரம் பேசுவார். மொழியும் முகமும் வேறாக இருந்த ஒருவரிடம் மயிலாப்பூரிலிருந்தும் சௌகார்பேட்டையிலிருந்தும் குடும்பங்கள் தேடி வந்ததற்கு வேலைத் திறமை ஒரு காரணம். அவர் எங்கும் போய்விட மாட்டார் என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது இன்னொரு காரணம்.

அந்தக் காலத்தில் ஒரு வீட்டுக்கு டாக்டரைத் தேர்ந்தெடுத்தது அந்த வீட்டுப் பாட்டியின் செட்டு. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பல்லைக் காப்பாற்றிக்கொள்ளப் போகிறவர்கள் அன்று குறைவு. இழக்கப் போனார்கள், இழந்த பிறகு கட்டிக்கொள்ளப் போனார்கள். பிடுங்குவது சில நிமிஷ வேலை, யாரிடமும் செய்துகொள்ளலாம். செட்டு அப்படியில்லை. பல முறை வர வேண்டும், உட்கார வேண்டும், சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப வர வேண்டும். அந்த வரவு போக்கில்தான் ஒரு வீடு ஒரு டாக்டரை எடை போட்டது. பாட்டிக்கு மருமகளோ பேரனோ துணைக்கு வருவார்கள். அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்ப்பார்கள். பாட்டி முறுக்கைக் கடிக்க முடியாவிட்டாலும் சோற்றை மென்று தின்கிறாள் என்றால் வீடு முழுவதும் அந்த டாக்டருக்குப் போய்விடும்.

எங்கள் டாக்டர் செட்டு செய்யும் விதத்தைச் சொல்கிறேன். முதலில் அளவு. அப்போதே ஆல்ஜினேட் பொடி வந்துவிட்டது, கடல்பாசியிலிருந்து எடுப்பது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிலிருந்து அகர் வருவது நின்றபோது அதற்கு மாற்றாக வந்த பொருள் அது. பழைய நோயாளிகள் பிளாஸ்டரையே வாயில் வைத்து உடைத்தெடுத்த கதையைச் சொல்வார்கள். அளவில் மோல்டு ஊற்றி, அதன்மேல் மெழுகுக் கட்டை வைத்து, மேல்தாடையும் கீழ்த்தாடையும் எங்கே சந்திக்கின்றன என்று பார்ப்பார். பிறகு மெழுகில் பல் அடுக்குவோம். அதை வாயில் வைத்து, பாட்டியைச் சரஸ்வதி என்று சொல்லச் சொல்வார். நடுவில் இருக்கும் ஸகரத்தில் காற்று சீறினால் முன்பற்களை ஒரு நூல் அளவு நகர்த்துவார். மறுபடி சரஸ்வதி. வாய் பொக்கையான பிறகு சுவாமி பெயரைச் சரியாக உச்சரிக்க முடியாமல் கூசிப்போயிருந்த ஒரு கிழவி, மெழுகுப் பல்லோடு அந்தப் பெயரைத் தெளிவாகச் சொன்னதும் பக்கத்திலிருந்த மகனைத் திரும்பிப் பார்த்ததை நான் தடுப்பு இடுக்கு வழியே பார்த்திருக்கிறேன்.

மெழுகு சரியானபின் ஃப்ளாஸ்கில் பிளாஸ்டருக்குள் புதைத்து, கொதிநீரில் மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அக்ரிலிக்கைப் பிசைந்து திணித்து, அழுத்தி, வெந்நீரில் வேகவைப்போம். அவசரப்பட்டுக் கொதிக்கவிட்டால் உள்ளே குமிழ் விழும். 1930களின் கடைசியில் அமெரிக்காவில் அறிமுகமான இந்த அக்ரிலிக் பத்தே வருஷத்தில் உலகம் பூராவும் பழைய வல்கனைட்டைத் தள்ளிவிட்டது. வல்கனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர், கருஞ்சிவப்பாக இருக்கும். நான் சேர்ந்த காலத்தில்கூடச் சில முதியவர்கள் வல்கனைட் செட்டை ரிப்பேருக்குக் கொண்டுவருவார்கள். நாற்றம் ஏறியிருக்கும், வெற்றிலைக் காவி பிடித்திருக்கும், ஆனாலும் புதுசு வேண்டாம் என்பார்கள். எங்கள் டாக்டர் வற்புறுத்த மாட்டார். உள்பக்கம் உறுத்தும் இடத்தை மட்டும் ராவிக் கொடுத்து அனுப்புவார். புதுசு கட்டினால் கிடைக்கும் காசை விட்டுவிட்டு இப்படி அனுப்புகிறாரே என்று அன்று எனக்குத் தோன்றியது. அந்த வீட்டுப் பிள்ளைகள் வரிசையாக வந்தபோது காரணம் விளங்கியது.

1962 பற்றி எனக்கு முன்பே அங்கிருந்த கம்பவுண்டர் அண்ணன் சொல்லித்தான் தெரியும். சீனாவோடு சண்டை. நாடு முழுவதுமாக ஏறத்தாழ 3,000 சீன வம்சாவளியினரைப் பிடித்து ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அசாமிலும் வங்காளத்திலும் குடியிருந்தவர்கள். வெளியே இருந்த சீனர்களுக்கும் போலீஸ் பதிவும் கண்காணிப்பும் இருந்தது. எங்கள் டாக்டரிடம் கூட்டம் குறைந்த மாதங்கள் இருந்தனவாம். "பாதி செட்டோட இருந்தவங்க ஒருத்தர்கூட வராம போகலப்பா" என்பார் அந்த அண்ணன். போர் நடந்துகொண்டிருக்கும்போது எதிரி நாட்டுக்காரர் என்று பத்திரிகை சொல்லும் ஒருவரிடம் வந்து வாயைத் திறந்து உட்கார்ந்த அந்தக் குடும்பங்களை நான் பெரிதாக மதிக்கிறேன்.

எங்கள் டாக்டரின் சுவரில் ஒரு சான்றிதழ் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. 1948இல் வந்த பல் மருத்துவர் சட்டத்தின்படி பெற்ற பதிவு அது. அந்தச் சட்டம் பல் மருத்துவர்களை இரண்டு பகுதியாகப் பதிவு செய்தது. பட்டம் பெற்றவர்கள் ஏ பகுதி. பட்டம் இல்லாவிட்டாலும், குறிப்பிட்ட தேதிக்கு முன் குறைந்தது ஐந்து வருஷம் இதையே முக்கியப் பிழைப்பாகச் செய்து வந்தவர்கள் பி பகுதி. பின்னாளில் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகளுக்கும், பர்மா, இலங்கையிலிருந்து திரும்பிய இந்திய வம்சாவளியினருக்கும்கூட இதே மாதிரி வழி செய்தார்கள். எங்கள் மாதிரி மெக்கானிக்குகளுக்கும் அந்தச் சட்டத்தில் தனிப் பதிவேடு உண்டு. ஐந்து வருஷம் என்ற நிபந்தனையை நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஒரே தொழிலில் ஐந்து வருஷம் நின்றவன் கெட்டவனாக இருந்தால் ஜனங்கள் அதற்குள் விரட்டியிருப்பார்கள் என்று சட்டம் எழுதியவர்கள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். குடும்பங்கள் பெஞ்சில் உட்கார்ந்து போட்ட அதே கணக்கு.

அதற்காகச் சட்டம் தேவையில்லை, அனுபவம் போதும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பதிவே இல்லாமல் தெருவோரத்தில் பல் கட்டியவர்களின் கைவேலையையும் நான் பார்த்திருக்கிறேன். வேரைக்கூட எடுக்காமல், அதன்மேலேயே தானாக இறுகும் அக்ரிலிக்கைக் குழைத்து அப்பி, பக்கத்துப் பல்லில் கம்பி சுற்றி விடுவார்கள். இறுகும்போது அந்தப் பொருள் சூடாகும், ஈறு வெந்துபோகும். உள்ளே சோறு அடைந்து நாறும், சீழ் பிடிக்கும். ஒரே பல் இல்லாமல் போனவர் சில வருஷத்தில் நாலைந்து பல்லை இழந்து வருவார். அப்படிச் செய்தவரைத் தேடிப் போனால் அந்த இடத்தில் வேறு கடை இருக்கும். இதைச் சட்டம் போட்டுத் தடுக்காமல் வேறு எதற்குச் சட்டம்?

1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி அதன் வளர்ச்சிதான். காசு இல்லாத குடும்பங்களுக்கு அது பெரிய வரம். புறநகர் ரயிலில் வந்து இறங்கினால் வாசல். காலையில் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மாணவர் கையால் பல் எடுத்துக்கொண்டு, பின்னால் நின்று பார்த்த பேராசிரியரின் பெயரை வெளியே பலகையில் படித்துவிட்டுப் போவார்கள். அதே பேராசிரியர் சாயங்காலம் புரசைவாக்கத்திலோ தி.நகரிலோ தன் வீட்டு முன்னறையில் நோயாளிகளைப் பார்ப்பார். கொஞ்சம் வசதி வந்ததும் அந்தக் குடும்பம் அவர் வீட்டுக்குப் போகும். எழுபது எண்பதுகளில் எங்களுக்கு வந்த அளவுகளில் பாதி இப்படிச் சாயங்கால கிளினிக்குகளிலிருந்து வந்தவை. படித்த டாக்டர், நிலையான வீடு, இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்த காலம் அது. குடும்ப டாக்டர் என்று இன்று ஏக்கத்தோடு பேசுகிறார்களே, அது பெரும்பாலும் அந்தக் காலத்தைத்தான்.

மருந்தும் கருவியும் மாறியதையும் சொல்லியாக வேண்டும். லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போகும் ஊசி 1948இல் விற்பனைக்கு வந்தது. 1957இல் காற்றால் சுழலும் ஏரோட்டர் வந்தது, நிமிஷத்துக்கு 3 லட்சம் சுற்று. அதற்கு முன்னால் காலால் மிதித்து ஓட்டிய டிரில் 2,000 சுற்றைத் தொடுவதே பாடு. மண்டைக்குள் அதிரும் அந்த மிதி டிரில்லை வைத்துக்கொண்டு ஒரு குழந்தையின் பல்லை அடைப்பது என்றால் நாலு பேர் பிடிக்க வேண்டும். இவை இரண்டும் நம் ஊர்க் கிளினிக்குகளுக்கு வந்து சேர்ந்த பிறகுதான், கிழவர்கள் மட்டும் போய்வந்த இடத்துக்குக் குழந்தைகளும் வர ஆரம்பித்தார்கள். அதுவரை விழுந்த பால்பல்லைப் பசுஞ்சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவதோடு குழந்தையின் பல் விவகாரம் முடிந்தது. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற பயம் மட்டும் இன்னும் போகவில்லை. எழுபது வயதுக்காரருக்குப் பார்வை மங்குவது வயதால், அதே வயதில் பல்லும் விழுகிறது, இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். கோபிக்காமல் உட்கார்ந்து இதை விளக்கிய டாக்டர்களிடம்தான் குடும்பங்கள் நின்றன.

1986இல் இன்னொரு திருப்பம். இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது சென்னையில்தான், சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் தலைமையில். அதற்கு முன்பெல்லாம் கொதிநீர்த் தட்டிலிருந்து இடுக்கியால் எடுத்த கருவியை யாரும் சந்தேகித்ததில்லை. அதற்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மருமகள்கள் கேட்க ஆரம்பித்தார்கள்: ஊசி புதுசா, கையுறை மாற்றினீர்களா? சில டாக்டர்களுக்கு அது அவமானமாக இருந்தது. நல்ல டாக்டர்கள் நோயாளி கண்ணெதிரே உறையைப் பிரித்துக் கருவியை எடுக்கத் தொடங்கினார்கள். இன்று அது எல்லா ஒழுங்கான கிளினிக்கிலும் வழக்கம்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1980இல் பல் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அடுத்து வந்த வருஷங்களில் தனியார் கல்லூரிகள் பெருகின. நாட்டில் இப்போது 300க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள். ஒரு தெருவுக்கு ஒன்றாகக் கிளினிக். 1948 சட்டத்துக்குப் பதிலாக 2023இல் நாடாளுமன்றம் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. ஐந்து வருஷப் பழக்கத்தை வைத்துப் பி பகுதியில் பதிந்த அந்த முதல் தலைமுறை எப்போதோ முடிந்துபோயிற்று. படித்த டாக்டர் எளிதில் கிடைக்காத காலத்தில் வேலையைத் தொடங்கிய எனக்கு இந்தப் பெருக்கத்தில் உண்மையான சந்தோஷம் உண்டு. வாய்க்குள் கேமராவை விட்டு ஸ்கேன் எடுத்து, கம்ப்யூட்டரில் வரைந்து, இயந்திரம் கடைந்து தரும் கேப்பின் ஓரம் எவ்வளவு சுத்தமாகப் பொருந்துகிறது என்று பார்த்து வியந்திருக்கிறேன். என் கையால் அந்த நுணுக்கம் வராது.

என் கவலை வேறு. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில வருஷங்களில், ஒரே நோயாளியின் பெயரில் ஒரே கிளினிக்கிலிருந்து வரும் சீட்டுகளில் ஒவ்வொரு முறையும் வேறு டாக்டரின் கையெழுத்து இருந்தது. மாதச் சம்பளத்துக்கு வரும் இளம் டாக்டர்கள், நல்ல பிள்ளைகள், ஆனால் ஆறு மாதம் தங்குவதில்லை. ஒருவர் எடுத்த அளவில் செய்த செட்டை இன்னொருவர் மாட்டுவார். உறுத்துகிறது என்று மூன்றாவது ஆள் திருப்பி அனுப்புவார். தாடைகள் சந்திக்கும் இடத்தை, அதாவது பைட்டை, யார் பார்த்தது என்று போன் செய்து கேட்டால், அவங்க இப்ப இங்க இல்லை என்று பதில் வரும். சுவரில் நல்ல பட்டம், உள்ளே நல்ல இயந்திரம், இருந்தும் அந்த நோயாளி சந்தையில் பல்லுக்குப் புகை போட்டுக்கொண்டவர் நிலையில்தான் நின்றார்.

பின்னறையில் இருப்பவனுக்கு டாக்டரைப் பற்றி வெளியே தெரியாத சில விஷயங்கள் தெரியும். அளவின் ஓரம் ஈறு முடியும் இடம்வரை முழுசாக வந்திருக்கிறதா, நடுவில் கிழிந்திருக்கிறதா. கிழிந்ததை அப்படியே அனுப்பி, நீ பார்த்துச் சரி பண்ணிக்கோ என்கிறவரா, நோயாளியிடம் வருத்தம் சொல்லி மறுபடி எடுக்கிறவரா. பல்லின் நிறத்தை விளக்கடியில் பார்த்து எழுதினாரா, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தாரா. மெழுகுச் செட்டை வாயில் வைத்துப் பார்க்கிறாரா, நேராக முடித்து அனுப்பச் சொல்கிறாரா. தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவருக்குக் கேப் செய்யச் சொல்லி ஒரு டாக்டர் சீட்டில், மற்ற பற்களில் ஃப்ளோரைடு தண்ணீரால் வந்த பழுப்புக் கோடு இருக்கிறது, கேப்பிலும் லேசாக அந்தக் கோட்டைத் தீட்டு என்று எழுதியிருந்தார். அந்தச் சீட்டைக் கிழித்துப் போட மனசு வராமல் வெகுநாள் வைத்திருந்தேன்.

போன வருஷம் எங்கள் கட்டடத்தின் மேல்மாடிக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. மாமியார், கணவன் மனைவி, இரண்டு குழந்தைகள். அந்தப் பெண் வந்து, "மாமா, நீங்க இதே லைன்ல இருந்தவராமே. எங்க எல்லாருக்கும் சேர்த்து எந்த டாக்டரைப் பார்க்கட்டும்?" என்று கேட்டாள். நான் பெயர் எதுவும் சொல்லவில்லை. "முதல்ல உங்க மாமியாரோட பழைய செட்டை எடுத்துக்கிட்டுப் போம்மா" என்றேன். "உறுத்துற இடத்தை ராவித் தரச் சொல்லு. உடனே புதுசு கட்டணும்னு சொல்றாரா, இல்ல கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்குறாரான்னு கவனி. சுகர் இருக்கா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாங்களான்னு அவராவே கேக்கணும். சுவர்ல பதிவு நம்பர் இருக்கணும். கருவியை உன் எதிர்லதான் உறை பிரிச்சு எடுக்கணும். சின்னவனுக்குப் பார்த்துட்டு ஒண்ணும் செய்ய வேண்டாம், ஆறு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வான்னு சொன்னா அது நல்ல அடையாளம். எக்ஸ்ரே எடுத்தா ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கோ. அந்த இடத்துல எத்தனை வருஷமா இருக்காருன்னு பக்கத்து மருந்துக் கடையில விசாரி."

அவள் போனது இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு பெண் டாக்டரிடம். கணவனும் மனைவியுமாகக் கிளினிக் நடத்துகிறவர்கள், மாடியில்தான் வீடு. மாமியாரின் பழைய செட்டை ராவிக் கொடுத்து, இது இன்னும் ஒரு வருஷம் ஓடும் என்று அனுப்பியிருக்கிறார். இந்த வருஷம் புதுசுக்கு அளவெடுத்தார்கள். அந்த அளவு போய்ச் சேர்ந்த லேப்பில் வேலை பார்ப்பவன் என்னிடம் தொழில் கற்ற பையன். போன் செய்து கேட்டேன். ஓரம் சுற்றிலும் முழுசாக இருக்கிறது, மூன்று தடவை மெழுகு டிரையலுக்குக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள் அண்ணே என்றான்.